ஷீலா தைத்த சிப்ஸ் பொட்டலம்

ட்ரெவர் மால்ட்பிக்கு நகைச்சுவை சுட்டுப்போட்டாலும் வராது. யாராவது ஒரு துணுக்குச் சொன்னால், எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு, "அப்புறம் அந்த ஆளு என்ன ஆனான்?" என்று அக்கறையாகக் கேட்பார். இருபத்தொன்பது வருஷம் மார்ஷ்கேட் நகராட்சியின் குப்பை லாரியை ஓட்டியவர். எந்த வீட்டில் எத்தனை பாட்டில் காலியாகிறது, யார் டாக்டர் பேச்சைக் கேட்காமல் சாக்லேட் தின்கிறார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. அப்பேர்ப்பட்ட மனிதர்தான் அறுபத்து மூன்றாம் வயதில் ஆளுயர சிப்ஸ் பொட்டலமாக வேஷம் கட்டிக்கொண்டு பார்லிமென்ட் தேர்தலில் நின்றார். தொலைக்காட்சிக்காரர்கள் 'இந்த இடைத்தேர்தலின் கோமாளி' என்று அவருக்குப் பட்டம் கட்டினார்கள். கோமாளி என்றால் நாலு பேரைச் சிரிக்க வைக்கத் தெரிந்திருக்க வேண்டாமா? அது அவருக்குத் தெரியாது. தெரிந்தவள் அவர் மனைவி ஷீலா.

ஷீலா கடற்கரைச் சாலையில் இருக்கும் கார்டனின் மீன் கடையில், பொரித்த மீனும் உருளைக்கிழங்கு சிப்ஸும் காகிதத்தில் கட்டிக் கொடுக்கிற கடை, முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தாள். ஐந்தடி கூட இருக்க மாட்டாள். கவுண்டருக்குப் பின்னால் ஒரு பால் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்றுதான் வியாபாரம். வருகிறவர் போகிறவர் எல்லாரும் அவளுக்குக் 'கண்ணு'தான். போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்தாலும் சரி, பாதிரியாராக இருந்தாலும் சரி. "உப்புப் போடவா கண்ணு, இல்ல வீட்டுக்காரம்மா மொறைப்பாங்களா?" என்பாள். அவள் போடுகிற வினிகரைவிட அவள் வாய்க்குத்தான் வரிசை நிற்கிறது என்று கார்டனே சொல்வான்.

ஒரு நவம்பர் மழையில் ட்ரெவர் முதன்முதலாக அந்தக் கடைக்குள் நுழைந்தபோது அவருக்கு இருபத்தாறு வயது. மீனும் சிப்ஸும் கேட்டார். கட்டிக் கொடுத்துவிட்டு, "வேற என்ன வேணும் கண்ணு? கல்யாணமா?" என்று ஷீலா கேட்டாள். எல்லாரிடமும் கேட்பதுதான். ட்ரெவர் பதில் சொல்லாமல் போய்விட்டார். மூன்று நாள் கழித்து வந்து, வரிசையில் ஒழுங்காக நின்று, தன் முறை வந்ததும், "யோசிச்சுப் பாத்தேன். வேணும்" என்றார். கடை முழுக்க அதிர்ந்து சிரித்தது. ஷீலா மட்டும் சிரிக்கவில்லை. பெட்டியிலிருந்து இறங்கி வந்து அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிற ஒரு ஆளை அவள் அதுவரை பார்த்ததில்லை.

முப்பத்தாறு வருஷம் வாழ்ந்தார்கள். பிள்ளைகள் இல்லை. ஷீலாவின் தங்கை ஏவ்ரில், புருஷனை விட்டு வந்தவள், நாலு வீடு தள்ளிக் குடியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு மூன்று பேருக்கும் சேர்ந்துதான். ஷீலா பேசுவாள், ஏவ்ரில் சண்டை பிடிப்பாள், ட்ரெவர் உருளைக்கிழங்கை இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்வார். அந்த வீட்டில் வேறு குறை ஒன்றும் இருக்கவில்லை.

பிறகு பியர்ஸ் லாம்போர்ன் வந்தார். லண்டன்காரர். தொகுதியில் அவருக்கு ஒரு வாடகை வீடும் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸும் இருந்தன. இரண்டும் தேர்தல் நேரத்தில் மட்டும் உபயோகப்பட்டன. சுகாதாரத் துறையில் இணை அமைச்சரானதும், தன் சொந்தத் தொகுதியான மார்ஷ்கேட்டில் இருந்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவை இழுத்து மூடினார். இனி உயிர் போகிற அவசரம் என்றால் நாற்பத்திரண்டு மைல் தள்ளிப் போக வேண்டும். ஊர் கொதித்தது. வானொலியில் இதைப் பற்றிக் கேட்டபோது அந்தப் புண்ணியவான், "மார்ஷ்கேட்காரர்களுக்கு வேண்டியது ஆஸ்பத்திரி இல்லை, கையிலிருக்கிற சிப்ஸைக் கீழே வைக்கிற மனசு" என்றார். பேட்டி எடுத்தவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

ஷீலா அன்றைக்கே அவருக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டாள். சாயங்காலம் கடையில் பால் பெட்டி மேல் ஏறி நின்று அறிவித்தாள்.

"கேட்டுக்கங்க கண்ணுங்களா. அடுத்த தேர்தல்ல அந்த ஆளை எதுத்து நான் நிக்கிறேன். சிப்ஸ் பொட்டலமா நிக்கிறேன். என்னைக் கீழ வைக்கிறானா பாப்போம்!"

வீட்டுக்கு வந்து தையல் மெஷினை எடுத்தாள். படகுத் துறையில் கழித்துப்போட்ட பாய்த்துணியில் பொட்டலம். அதன் மேல் செய்தித்தாள் மாதிரி கறுப்பு மையில் வரி வரியாகக் கிறுக்கல். தலைக்கு மேலே மஞ்சள் பஞ்சில் விரல் விரலாக வெட்டிய சிப்ஸ். வெளியே பார்ப்பதற்கு, எழுத்து வரிகளுக்கு நடுவில் யாருக்கும் தெரியாதபடி ஒரு பிளவு. அவள் கண் உயரத்துக்குச் சரியாக. உள்ளே, கைக்குட்டை வைக்க ஒரு சின்னப் பை. ஆகஸ்ட் மாதத் திருவிழா ஊர்வலத்தில் அதைப் போட்டுக்கொண்டு அவள் ஆடிய ஆட்டத்தை இன்றைக்கும் பேசுகிறார்கள். ட்ரெவர் அவளுக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு நடந்தார்.

அடுத்த பிப்ரவரியில் ஒரு நாள் காலை ஷீலா சமையலறையில் விழுந்தாள். ஆம்புலன்ஸ் வர நாலு மணி பத்து நிமிஷம் ஆனது. வந்தவர்கள் நல்ல பிள்ளைகள். ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஆனால் அவர்கள் செய்வதற்கு ஒன்றும் மீதியிருக்கவில்லை. அந்த நாலு மணி பத்து நிமிஷத்தில் அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்று ட்ரெவர் யாரிடமும் சொன்னதில்லை. ஏவ்ரில் இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் அவர் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார்.

லாம்போர்னுக்கு மட்டும் எழுதினார். மூன்று கடிதம், மூன்றும் தன் கைப்பட. மூன்றுக்கும் பதில் வந்தது, நல்ல கனமான தாளில். 'அன்புள்ள திருமதி ஷீலா மால்ட்பி, உங்கள் கருத்துக்கு நன்றி. உங்கள் உடல்நலமே எங்கள் முதல் அக்கறை.' ஷீலா முன்பு எழுதிய கடிதத்தால் அந்த முகவரிக்கு அவள் பெயர்தான் அவர்கள் பட்டியலில் ஏறியிருந்தது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பிரித்துப் படிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. செத்துப்போனவளின் உடல்நலத்தை விசாரித்து மூன்று கடிதம். ட்ரெவர் மூன்றையும் அவள் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.

அந்த வருஷக் கடைசியில் லாம்போர்ன் மாட்டிக்கொண்டார். யாரோ ஒரு பணக்காரரின் படகில் விடுமுறை போனதைப் பற்றிப் பார்லிமென்டில் எழுந்து நின்று பொய் சொன்னது வெளியே வந்துவிட்டது. 'என் மக்களே தீர்ப்புச் சொல்லட்டும்' என்று பதவியைத் துறந்து, அதே மூச்சில் அதே தொகுதியில் மறுபடி வேட்பாளராக நின்றார். துறவு என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும்!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஏவ்ரில் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், ட்ரெவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"நான் நிக்கப் போறேன்."

"எங்க?"

"தேர்தல்ல. அவனை எதுத்து. அந்தப் பொட்டலத்தைப் போட்டுக்கிட்டு."

ஏவ்ரில் அவரை முறைத்தாள். "உனக்கென்ன பைத்தியமா ட்ரெவ்? நீ நின்னா டெபாசிட்டு போறதுக்கு முன்னாடி மானம் போயிடும்."

"ஓட்டுக்காக இல்ல. எண்ணி முடிச்சதும் எல்லாரையும் மேடையில வரிசையா நிக்க வெப்பாங்க. பாத்திருக்கேல்ல? பெரிய ஆளு, சின்ன ஆளு, கோமாளி, எல்லாரும். பேரையெல்லாம் வாசிச்சு முடிக்கிற வரைக்கும் அவன் நகர முடியாது. இங்கிலீஷ் எழுத்து வரிசைப்படி லாம்போர்ன், அடுத்தது மால்ட்பி. என் பக்கத்துலதான் நிப்பான். அப்புறம் ஆளாளுக்குப் பேச விடுவாங்க." அவ்வளவு நீளமாக அவர் பேசி ஏவ்ரில் கேட்டதில்லை. "கடிதாசி போட்டா செத்தவளுக்குப் பதில் எழுதுறான். பக்கத்துல நின்னு சொன்னாக் கேட்டுத்தானே ஆகணும்?"

"சொல்றதைக் கோட்டு சூட்டு போட்டுக்கிட்டுச் சொல்லேன்."

"அவ நிப்பேன்னு சொன்னா. பொட்டலமா நிப்பேன்னு சொன்னா."

இதற்கு மேல் ட்ரெவரிடம் வாதாடிப் பயனில்லை என்பது ஏவ்ரிலுக்குத் தெரியும்.

இன்னொரு காரியமும் செய்தார். இங்கே ஒருவர் தன் பெயரை மாற்றிக்கொள்ள ஒரு பத்திரமும் இரண்டு சாட்சிகளும் போதும். மீன் கடை கார்டனையும் எதிர்வீட்டுத் தபால்காரரையும் உட்கார வைத்துப் பத்திரம் எழுதினார். ட்ரெவர் மால்ட்பி என்பவர் இன்றுமுதல் ட்ரெவர் ஷீலா மால்ட்பி. தேர்தல் அதிகாரி முழுப்பெயரையும் வாசித்தாக வேண்டும் என்பது சட்டம். அவள் பெயர் லாம்போர்னின் காதில் விழ இதைவிட்டால் வேறு வழி அவருக்குத் தோன்றவில்லை.

கார்டன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான். "டேய், ஆம்பளைக்கு ஷீலான்னு பேரு வெச்சா ஊரே கைகொட்டிச் சிரிக்கும்டா."

"சிரிக்கட்டும். அவன் கேக்கணும். அவ்வளவுதான்."

வேட்புமனுவுக்குத் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேரின் கையெழுத்து வேண்டும். லாரி ஓட்டிய அதே தெருக்களில், அதே வரிசையில், வீடு வீடாகப் போனார். முதல் தெருவிலேயே பத்தும் கிடைத்துவிட்டன. மூன்றாம் எண் வீட்டுத் திருமதி கிரிம்ஷா மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து அழகாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஆனா ஓட்டு லாம்போர்னுக்குத்தான் கண்ணு, தப்பா நெனச்சுக்காதே. எங்க வீட்டுல எப்பவும் அந்தக் கட்சிதான்" என்றாள். ஷீலா செத்தபோது மூன்று நாள் கேக் செய்து கொண்டுவந்தவள் இந்தக் கிழவிதான். மனிதர்களை என்னவென்று சொல்வது!

பிரசாரம் தொடங்கியதும் ஒரு சங்கடம் தெரிந்தது. ஐந்தடிக்காரி தன் அளவுக்குத் தைத்த பொட்டலம். ட்ரெவர் ஆறடி. பார்க்க வைத்த பிளவு அவர் நெஞ்சுக்கு நேரே நின்றது. நிமிர்ந்து நின்றால் மூக்குக்கு முன்னால் வெள்ளைத் துணி மட்டும்தான். எதையாவது பார்க்க வேண்டுமென்றால் முழங்காலை மடக்கிக் கூன வேண்டும். முதல் நாளே கடற்கரைச் சாலையில் ஒரு விளக்குக் கம்பத்தில் போய் மோதினார். அந்தப் படம் எல்லாப் பேப்பரிலும் வந்தது.

ஏவ்ரில் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். "ரெண்டே நிமிஷம். மேல ஒரு ஓட்டை போட்டுர்றேன்."

"தொடாதே."

"விழுந்து மண்டையை ஒடைச்சுக்கப் போறே."

"அவ தையல் அது. கத்திரி வெக்காதே ஏவ்ரில்."

அவர் குரல் அப்படி உடையும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கத்தரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து அவர் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள்.

மூன்று வாரம் அப்படிப் போனது. ஜனங்கள் ஓடி வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். காரிலிருந்து ஹாரன் அடித்தார்கள். ஒரு தொலைக்காட்சிப் பெண் மைக்கை நீட்டி, "உங்கள் கொள்கை என்ன, சிப்ஸ் அவர்களே?" என்றாள். ட்ரெவர் கூனிக்கொண்டு யோசித்து, "ஆம்புலன்ஸ் சீக்கிரம் வரணும்" என்றார். "மீனோடா, மீன் இல்லாமலா?" என்றாள் அவள். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஷீலாவாக இருந்திருந்தால் பதிலுக்கு ஒன்று விட்டிருப்பாள். அந்தப் பெண் ஒரு வாரத்துக்கு மைக்கைத் தொட்டிருக்க மாட்டாள். ட்ரெவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, மேடையில் சொல்ல வேண்டியதை எழுத உட்கார்ந்தார். ஏழெட்டு முறை எழுதிக் கிழித்து, கடைசியில் ஒரு பக்கம் தேறியது. அதை மடித்து, ஷீலா கைக்குட்டைக்குத் தைத்த சின்னப் பைக்குள் வைத்தார். ஏவ்ரில் கேட்டதற்குக் காட்டவில்லை.

"அவன்கிட்ட சொல்லிட்டு உன்கிட்ட சொல்றேன்" என்றார்.

மார்ஷ்கேட்டில் எண்ணிக்கை எப்போதும் மறுநாள் காலையில்தான். சதுப்பு நிலத்துக் கிராமங்களிலிருந்து பெட்டிகள் வந்து சேர வேண்டும். உடற்பயிற்சி நிலையத்தின் பூப்பந்துக் கூடத்தில் மேஜைகளைப் போட்டு எண்ணினார்கள். பக்கத்து நீச்சல் குளத்தின் மருந்து வாடை மூக்கை அறுத்தது. பதினோரு மணி சுமாருக்கு ஒன்பது வேட்பாளர்களையும் மேடைக்கு அழைத்தார்கள். படியேறும்போது ஏவ்ரில் அவர் முழங்கையை விட்டாள். "உன் வலது பக்கம் நிக்கிறான்" என்று காதோரம், அதாவது காது இருக்கும் என்று அவள் நினைத்த இடத்தில், சொல்லிவிட்டுக் கீழே போய் நின்றாள்.

கொஞ்ச நேரம் கூனியபடி நின்றதில், பிளவு வழியாக லாம்போர்னின் பளபளப்பான கறுப்பு பூட்ஸ் தெரிந்தது. ஒரு முழ தூரம்கூட இல்லை. தேர்தல் அதிகாரி, நெட்டையான ஒரு பெண்மணி, மைக்கைத் தட்டிப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தாள். நாலைந்து பெயருக்குப் பிறகு, "லாம்போர்ன், பியர்ஸ் ஆண்டனி. பதினோராயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு." கூடம் அதிர்ந்தது. ஜெயித்துவிட்டார் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. சத்தம் அடங்கக் காத்திருந்தாள்.

அடுத்தது ஷீலாவின் பெயர். அதை வாசிக்கும்போது கூனிக்கொண்டு நிற்க ட்ரெவருக்கு மனம் வரவில்லை. முழங்காலை நிமிர்த்தி, முதுகை நேராக்கி, அவளை மணந்துகொண்ட அன்றைக்கு நின்ற மாதிரி நின்றார். கண்ணுக்கு முன்னால் வெள்ளைத் துணி வந்து மறைத்தது.

"மால்ட்பி, ட்ரெவர் ஷீலா. நானூற்று முப்பத்தொன்று."

கூடம் சிரித்தது. சாதாரணச் சிரிப்பு இல்லை. ஷீலா என்கிற பெயர் வந்த இடத்தில் வெடித்து, அலை அலையாகப் பின்வரிசை வரை போனது. யாரோ "ஷீலாக் கண்ணு!" என்று விசிலடித்தான். துணிக்குள் ட்ரெவருக்குக் காது எரிந்தது. அவளைக் கொண்டுவந்து இத்தனை பேருக்கு நடுவில் சிரிப்புக்குக் கொடுத்துவிட்டோமே என்று குன்றிப்போனார்.

அப்போது அவர் தோளில் ஒரு கை விழுந்தது. வலது பக்கத்திலிருந்து. இரண்டு முறை மெதுவாகத் தட்டியது. பிறகு எடுக்காமல் அப்படியே இருந்தது.

கேட்டுவிட்டான். ஊரே சிரிக்கும்போது, இந்த ஒரு மனிதன் மட்டும் சிரிக்காமல் தோளில் கை வைக்கிறான். கடிதம் கண்ணில் பட்டிருக்கிறது. ஷீலா யாரென்று தெரிந்திருக்கிறது. ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் நகர்ந்த மாதிரி இருந்தது. வெள்ளைத் துணிக்குள் அவர் அழுதார். வெளியே யாருக்கும் தெரியவில்லை.

ஜெயித்தவர் முதலில் பேசினார். பிறகு தோற்றவர்கள் ஒவ்வொருவராக. ட்ரெவரின் முறை கடைசியில் வந்தபோது மைக்குக்கு முன்னால் கூனி நின்று பிளவு வழியாகப் பார்த்தார். லாம்போர்ன் நின்ற இடம் காலியாக இருந்தது. பாவம், நிற்க முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார். கேமராக்களும் போய்விட்டிருந்தன. ஆட்கள் மேஜைகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். கை சின்னப் பைக்குள் போய்க் காகிதத்தைத் தொட்டது. அதில் எழுதியிருப்பதை இனி எதற்குச் சொல்ல வேண்டும்? அடிபட்டவனை அடிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

"எல்லாருக்கும் நன்றி. பேர் வாசிச்ச அம்மாவுக்கும் நன்றி. வேற ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

காரில் ஏவ்ரில்தான் ஓட்டினாள். பொட்டலத்தைப் பின் ஸீட்டில் உட்கார வைத்து பெல்ட் போட்டிருந்தார்கள். ட்ரெவரின் முகத்தில் அத்தனை நாள் இல்லாத ஒரு தெளிவு.

"கை வெச்சான் ஏவ்ரில். அவ பேரை வாசிச்சதும். பாத்தேல்ல?"

ஏவ்ரில் சாலையைப் பார்த்தாள். "ம்."

"நான் நெனச்ச மாதிரி இல்ல அந்த ஆளு. என்னத்தைச் சொல்லு, உள்ளுக்குள்ள ஏதோ ஒண்ணு இருக்கு."

"மழை வரும்போல இருக்கு" என்றாள் ஏவ்ரில். வானம் பளிச்சென்று இருந்தது.

அவள் வீட்டில் டீ போடப் போனாள். "டிவியைப் போடாதே, எனக்குத் தலை வலிக்குது" என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். ஆனால் ட்ரெவருக்கு அந்தக் கையை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை. சத்தத்தைக் குறைத்துப் போட்டார். மதியச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரி பெயரை வாசிக்கிறாள். கூடம் சிரிக்கிறது. எல்லாரையும்விடப் பெரிதாக, பல்லெல்லாம் தெரிய, லாம்போர்ன் சிரிக்கிறார். கேமராவைப் பார்த்து ஒரு கண்ணை அடிக்கிறார். அப்புறம் கையை நீட்டிப் பொட்டலத்தின் தோளில் இரண்டு தட்டுத் தட்டி, படம் எடுப்பவர்களுக்கு வசதியாகக் கையை அங்கேயே வைத்துக்கொள்கிறார். நடுவில் ட்ரெவர், விறைப்பாக, முகமே இல்லாமல். அடுத்த காட்சியில் வெளியே, காரில் ஏறப்போகிறவரை நிருபர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். "பார்த்தீர்களா, இன்றைக்கு நானே சிப்ஸைக் கீழே வைக்கவில்லை!" என்கிறார். அவர்கள் சிரிக்கிறார்கள்.

ஏவ்ரில் வந்து டிவியை அணைத்தாள்.

"நீ பாத்தே" என்றார் ட்ரெவர்.

"பாத்தேன்."

"சொல்லியிருக்கலாம்ல."

"எப்படிய்யா சொல்லுவேன்? ஒரு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் உன் மொகம் மொகமா இருந்துச்சு."

ட்ரெவர் தன் கைகளைப் பார்த்தார். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு முறை கிடைத்த சந்தர்ப்பம். அதை அந்த ஆள் பிடுங்கிக்கொள்ளவில்லை. ட்ரெவரே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"அந்தக் காகிதத்தை எடு" என்றாள் ஏவ்ரில். "படி. எனக்குப் படி."

"உனக்கு எழுதினது இல்ல."

"தெரியும். படி."

அவர் எழுந்துபோய், நாற்காலியில் கிடந்த பொட்டலத்தின் உள்பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். உட்கார்ந்து படிக்கத் தோன்றவில்லை. நின்றுகொண்டே படித்தார்.

"என் மனைவி பேரு ஷீலா. பிப்ரவரி ஒம்பதாந்தேதி காலையில பத்தே முக்காலுக்கு விழுந்தா. நான் போன் பண்ணேன். அசைக்காதீங்க, வண்டி வருதுன்னாங்க. காரு வாசல்லதான் நின்னுச்சு. அசைக்கக் கூடாதுன்னதால நான் அசைக்கல. ஒரு மணி நேரம் கழிச்சு மறுபடி பண்ணேன். வரிசையில இருக்கீங்கன்னாங்க. மூணாவது தடவை பண்ணப் போனை எடுத்தேன். அவ வேணாம்னா. 'நம்மளவிட மோசமா யாராச்சும் இருப்பாங்க ட்ரெவ், லைனை அடைக்காதே'ன்னா. வெச்சிட்டேன். அதுக்கப்புறம் மூணு மணி நேரம் நான் போனைத் தொடல. அவ ஏதேதோ சொல்லி என்னைச் சிரிக்க வெக்கப் பாத்தா. எனக்குச் சிரிக்கத் தெரியல. லாம்போர்ன் அவர்களே, ஆஸ்பத்திரிய நீங்க மூடினீங்க. போனை நான் வெச்சேன். என் பங்கை நான் தெனமும் நெனைக்கிறேன். உங்க பங்கை நீங்க ஒரு தடவையாச்சும் நெனைக்கணும். அதைக் கேக்கத்தான் வந்தேன்."

காகிதத்தை மடித்தார். சமையலறையில் டீக்கு வைத்த மின்கெட்டில் கொதித்துத் தானாக அணைந்தது.

"மூணாவது தடவை பண்ணியிருந்தா வந்திருக்குமா?" என்று ஏவ்ரில் கேட்டாள்.

"தெரியாது."

"இதைத்தான் தோட்டத்துக்குக் கொண்டு போனியா, ரெண்டு தடவையும்?"

"ஆமா. என் மேல கோவமா?"

"ஆமா. உன் மேலயும்தான். அவ மேலயும். அவ சொன்னா நானும்தான் வெச்சிருப்பேன். அவ சொல்லி நாம எதைத்தான் கேக்கல?"

ட்ரெவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. தோளில் ஒரு கை விழுந்தது. இந்தத் தடவை அவர் திரும்பி முகத்தைப் பார்த்தார். ஏவ்ரில் அழுதுகொண்டிருந்தாள்.